லைப்சிக்கின் புத்தகப் பேட்டை எப்படிக் காலியானது? ஒரு நிகழ்வு ஆய்வு

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் இருக்கிறது லைப்சிக். அதன் நகர மையத்தை விட்டுக் கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் இன்ஸெல் தெரு வரும். அங்கே இருக்கும் நீளமான பழைய கட்டடத்தை இன்றைக்கும் ரெக்லாம் கட்டடம் என்றுதான் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் ரெக்லாம் பதிப்பகம் இருந்த இடம் அது. இப்போது உள்ளே இருப்பவை வாடகை அலுவலகங்கள். பக்கத்துத் தெருவில் இருந்த புரோக்ஹவுஸ் கலைக்களஞ்சிய நிறுவனமும் இல்லை. இந்தப் பகுதி முழுவதற்கும் ஒரு காலத்தில் 'அச்சுக்கலைப் பேட்டை' என்று பொருள்படும் பெயர் இருந்தது. பெயர் இன்னும் வரைபடத்தில் இருக்கிறது. பேட்டைதான் இல்லை.

ஏன் இல்லை என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் கிடைக்கும்: போர், கம்யூனிசம். இரண்டும் உண்மைதான், ஆனால் போதாது. போரில் பிராங்க்பர்ட்டும் எரிந்தது, அது மீண்டுவிட்டது. கம்யூனிச ஆட்சியில் லைப்சிக்கில் புத்தகங்கள் குவியல் குவியலாக அச்சாயின, ஆட்சி முடிந்த பிறகுதான் பதிப்பகங்கள் மூடின. ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. லைப்சிக்கைப் புத்தக நகரமாக ஆக்கியது எது? அதில் எந்தப் பகுதியை லாரியில் ஏற்றிக்கொண்டு போக முடியும், எதை முடியாது?

சீட்டும் பண்டலும்

லைப்சிக் முதலில் ஒரு சந்தை ஊர். 1497-இல், பின்னாளில் பேரரசரான மாக்சிமிலியன் அதன் சந்தைகளுக்குத் தனி உரிமை கொடுத்தார். புத்தகச் சந்தையில் அப்போது பெரியது பிராங்க்பர்ட்தான். ஆனால் அங்கே பேரரசரின் தணிக்கைக் குழு உட்கார்ந்திருந்தது. லைப்சிக்கில் கெடுபிடி குறைவு, வடக்கிலும் கிழக்கிலும் வாங்குவோர் அதிகம். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வியாபாரம் லைப்சிக் பக்கம் சாய்ந்துவிட்டது. உலகின் முதல் நாளிதழ் என்று பலரும் சொல்லும் பத்திரிகையை 1650-இல் டிமோதேயுஸ் ரிட்ஷ் இந்த ஊரில்தான் தொடங்கினார், வாரத்தில் ஆறு நாள்.

அப்புறம் வந்த பெயர்களைப் பட்டியலிட்டால் ஜெர்மன் பதிப்பு வரலாறே வந்துவிடும். இசைக்குப் பிரைட்கோப், பீட்டர்ஸ். அறிவியலுக்கும் பழைய கிரேக்க, லத்தீன் நூல்களுக்கும் டோய்ப்னர். பயணக் கையேட்டுக்குப் பேடெக்கர். அகராதிக்கு டூடன். நம் பங்கும் ஒரு சிறு துளி உண்டு. கார்ல் கிரவுல் மொழிபெயர்த்த ஜெர்மன் திருக்குறள் 1856-இல் வெளிவந்தது லைப்சிக்கில்தான், டார்ஃப்லிங் & ஃபிராங்கே பதிப்பகத்திலிருந்து.

ஆனால் இந்தப் பெயர்களைவிட முக்கியமானது ஒன்று உண்டு. இடைத்தரகு என்ற சொல்லை நாம் நல்ல பொருளில் சொல்வதே இல்லை. லைப்சிக்கின் உயிர் அந்த இடைத்தரகில்தான் இருந்தது. அது எப்படி நடந்தது என்று கிட்டத்தில் போய்ப் பார்ப்போம்.

கிழக்கே கடலோரத்தில் கோனிக்ஸ்பெர்க். அங்கே ஒரு சிறு கடைக்காரரிடம் வாடிக்கையாளர்கள் பத்துப் புத்தகம் கேட்கிறார்கள். பத்தும் பத்துப் பதிப்பகங்களுடையவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதி, தனித்தனியாகப் பணம் அனுப்பி, தனித்தனியாகப் பார்சல் கட்டணம் கொடுத்தால் கடையை மூடிவிட வேண்டியதுதான். அதனால் அவர் புத்தகத்துக்கு ஒன்றாகப் பத்துத் துண்டுச் சீட்டு எழுதி, மொத்தமாக ஒரே உறையில் போட்டு, லைப்சிக்கில் இருக்கும் தன் முகவருக்கு அனுப்புவார். முகவர் அதை ஆர்டர் நிலையத்துக்குக் கொடுப்பார். சீட்டுகளைப் பிரிப்பதற்கென்றே 1842-இல் தொடங்கிய நிலையம் அது. அங்கே ஆட்கள் சீட்டுகளைப் பதிப்பகவாரியாக அறைகளில் போட்டுப் பிரிப்பார்கள். பதிப்பகம் வியன்னாவில் இருந்தாலும் ஹாம்பர்க்கில் இருந்தாலும் அதன் சரக்கில் ஒரு பகுதி லைப்சிக்கில் அதன் முகவரின் கிடங்கில் இருக்கும். புத்தகத்தை எடுத்துக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்து கடைக்காரரின் முகவரிடம் சேர்ப்பார்கள். பத்தும் சேர்ந்ததும் ஒரே பண்டலாகக் கட்டி ரயிலில் ஏற்றுவார்கள். கணக்கை மட்டும் ஆண்டுக்கு ஒரு முறை, ஈஸ்டர் சந்தையின்போது, எல்லோரும் நேரில் உட்கார்ந்து தீர்ப்பார்கள். அந்தக் கணக்குத் தீர்க்கும் இடத்துக்காகத்தான் 1825-இல் புத்தக வணிகர்கள் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். ஜெர்மன் புத்தகத் தொழிலின் தலைமை அமைப்பாக அது இன்றும் இருக்கிறது.

ஒரே சீட்டு, ஒரே பண்டல், ஒரே கணக்கு. இதனால் ஒரு குக்கிராமத்துக் கடையும் பெர்லின் கடையும் ஏறக்குறைய ஒரே வசதியோடு புத்தகம் வாங்க முடிந்தது. 1880-களின் கடைசியில் அடால்ஃப் க்ரோனர் என்பவரின் தலைமையில் அந்தச் சங்கம் இன்னொரு காரியம் செய்தது. புத்தகத்துக்குப் பதிப்பகம் வைத்த விலைதான் எல்லாக் கடையிலும் விலை என்று விதி கொண்டுவந்தது. ஜெர்மனியில் அது இப்போது சட்டம். சின்னப் புத்தகக் கடைகள் அங்கே இன்னும் உயிரோடு இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை என்பது என் எண்ணம்.

கிடங்கு இருந்த இடத்தில் அச்சகம் வந்தது. அச்சகம் வந்த இடத்தில் பைண்டிங் பட்டறை. பட்டறைகளுக்கு வெட்டும் இயந்திரமும் தைக்கும் இயந்திரமும் செய்ய கார்ல் க்ரவுஸ, பிரேமர் சகோதரர்கள் போன்றோரின் ஆலைகள் வந்தன. ஓவியம் வரைந்து தர 1764-லிருந்தே ஒரு கலைக்கல்லூரி இருந்தது. எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதி ஒரு தெருவில் நுழைந்து, இரண்டு தெரு தாண்டுவதற்குள் பண்டலாக வெளியே வந்துவிடும்.

இந்த அடர்த்தி இருந்ததால்தான் ரெக்லாமின் மலிவுப் பதிப்பு சாத்தியமாயிற்று. 1837 நவம்பருக்கு முன் இறந்த எழுத்தாளர்களின் பதிப்புரிமை 1867 நவம்பரில் ஒரே நாளில் முடிந்தது. அதற்காகக் காத்திருந்த ரெக்லாம், அடுத்த நாளே கோதேயின் ஃபவுஸ்டை முதல் எண்ணாகப் போட்டு ஒரு நூல்வரிசையைத் தொடங்கினார். சின்ன அளவு, மெல்லிய அட்டை, மிகக் குறைந்த விலை. 1912-இல் கட்டடக் கலைஞர் பேட்டர் பேரென்ஸ் வடிவமைத்த தானியங்கிப் பெட்டிகள் ரயில் நிலையங்களுக்கு வந்தன. காசு போட்டால் புத்தகம் விழும். அதே 1912-இல் எல்லா ஜெர்மன் நூல்களையும் சேர்த்து வைக்க லைப்சிக்கில் ஒரு நூலகத்தையும் நிறுவினார்கள். அரசுச் சட்டம் எதுவும் இல்லாமல், பதிப்பகங்கள் தாமாகவே இலவசப் பிரதி அனுப்ப ஒப்புக்கொண்டு தொடங்கிய நூலகம் அது.

குண்டுக்கு முன்பே

பேட்டையின் அழிவைப் பேசும்போது எல்லோரும் 1943-இலிருந்து தொடங்குவார்கள். அது சரியில்லை என்று நினைக்கிறேன். டால் தெருவில் 10-ஆம் எண் வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். அது சி. எஃப். பீட்டர்ஸ் இசைப் பதிப்பகம். அதன் உரிமையாளர் ஹென்றி ஹின்ரிக்ஸன் யூதர். பெண்களுக்கான உயர்கல்வி நிலையம் ஒன்று லைப்சிக்கில் வரப் பணம் கொடுத்தவர், பல்கலைக்கழகத்தின் இசைக்கருவி அருங்காட்சியகத்துக்கும் கொடுத்தவர். 1938-இல் பதிப்பகத்தை அவரிடமிருந்து பிடுங்கினார்கள். 1942-இல் அவர் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அவரைப் போலவே வேறு யூத உரிமையாளர்களும் ஊழியர்களும் ஊரை விட்டுத் துரத்தப்பட்டார்கள், அல்லது கொல்லப்பட்டார்கள். ஒரு குண்டும் விழுவதற்கு முன்பே அந்தத் தெருக்களில் காலி அறைகள் இருந்தன. அவற்றை அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

1943 டிசம்பர் 4 அதிகாலையில் பிரிட்டிஷ் விமானங்கள் வந்தன. பேட்டையில் ஐந்தில் நான்கு பங்கு அழிந்தது. ஐந்து கோடிப் புத்தகங்கள் எரிந்ததாக மதிப்பிடுகிறார்கள். பலகை, தாள், பசை, துணி என்று பைண்டிங் பட்டறையில் இருப்பது எல்லாமே பற்றிக்கொள்ளும் பொருள். புத்தக வணிகர் மாளிகையும் போயிற்று. நகரில் 1,800 பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஜூன் 12, 1945

லைப்சிக்கை முதலில் பிடித்தவர்கள் ரஷ்யர்கள் அல்ல, அமெரிக்கர்கள். 1945 ஏப்ரலில் வந்தார்கள். ஆனால் நேச நாடுகள் ஏற்கெனவே போட்டிருந்த மண்டலக் கோட்டின்படி சாக்சனி சோவியத் பக்கம். ஜூலைத் தொடக்கத்தில் அமெரிக்கர்கள் விலகியாக வேண்டும். அதற்குள் சில பதிப்பாளர்களை அணுகி, எங்களோடு மேற்கே வாருங்கள் என்றார்கள். ஜூன் 12 அன்று ராணுவ லாரிகள் வீஸ்பாடன் நகருக்குப் புறப்பட்டன. புரோக்ஹவுஸ், பிரைட்கோப், இன்ஸெல், டீமே, டீடெரிஷ் ஆகிய நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் அதில் போனார்கள். புத்தக வணிகர் சங்கத்துக்கு அங்கே ஒரு கிளை தொடங்குவதும் திட்டத்தில் இருந்தது.

இந்த ஆய்வின் நடுப்புள்ளி இந்த லாரிப் பயணம்தான். லாரியில் இயந்திரம் ஏறவில்லை. கிடங்கு ஏறவில்லை. அச்சுக்கோப்பவர்களும் பைண்டர்களும் ஏறவில்லை. ஏறியவை நிறுவனத்தின் பெயர், சில கோப்புகள், எழுத்தாளர்களோடு இருந்த உறவு, ஒப்பந்தம் போடத் தெரிந்த ஒரு சில மனிதர்கள். அவ்வளவுதான். ஆனால் பிறகு சட்டத்தின் முன்னும் சந்தையின் முன்னும் எடை போட்டது அதுதான். வீஸ்பாடனுக்கு அருகில் இருந்தது பிராங்க்பர்ட். 1949-இல் அங்கே புத்தகக் கண்காட்சி மீண்டும் தொடங்கியது. சுமார் 250 ஆண்டுகளுக்கு முன் லைப்சிக் வாங்கிக்கொண்டதை பிராங்க்பர்ட் திரும்ப எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். எல்லாமே இரட்டையானது. லைப்சிக்கில் ஒரு ரெக்லாம், ஸ்டுட்கார்ட்டில் ஒரு ரெக்லாம். இங்கே ஒரு இன்ஸெல், அங்கே ஒரு இன்ஸெல். இரண்டு புரோக்ஹவுஸ். இரண்டு வணிகர் சங்கம். இரண்டு தேசிய நூலகம். ஒரே மொழிக்கு லைப்சிக்கில் ஒரு டூடன் அகராதி, மான்ஹைமில் ஒரு டூடன் அகராதி. அவை ஒன்றுசேர 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எல்லை இருந்தவரை வாழ்ந்த உரிமம்

கிழக்கு ஜெர்மனியில் உரிமம் பெற்ற பதிப்பகங்கள் மொத்தம் 78. அவற்றில் பெரும்பாலானவை பெர்லினிலும் லைப்சிக்கிலும் இருந்தன. ஒவ்வொரு நூலுக்கும் பண்பாட்டு அமைச்சகத்தின் அச்சு அனுமதி வேண்டும். தாள் ஒதுக்கீடும் அவர்கள் கையில். இதற்குள் இருந்துகொண்டே நல்ல பதிப்பாசிரியர்கள் எவ்வளவோ செய்தார்கள். ரெக்லாமின் லைப்சிக் வரிசையைக் கடை திறக்கும் முன்பே வரிசையில் நின்று வாங்கிய வாசகர்கள் உண்டு. வசந்த காலப் புத்தகக் கண்காட்சி நடக்கும் வாரத்தில் மேற்கு ஜெர்மனி அரங்குகளில் கூட்டம் அலைமோதும். விற்பனை கிடையாது, பார்க்கலாம். நின்றுகொண்டே பக்கம் பக்கமாகப் படித்தவர்கள் இருந்தார்கள், நோட்டில் எழுதிக்கொண்டவர்கள் இருந்தார்கள், கோட்டுக்குள் வைத்து எடுத்துப் போனவர்களும் இருந்தார்கள்.

பத்திரிகையின் கதை வேறு. லைப்ட்ஸிகர் ஃபோக்ஸைட்டுங் 1894-இல் சமூக ஜனநாயகவாதிகள் தொடங்கிய நாளேடு. ரோசா லக்சம்பர்க்கும் ஃபிரான்ஸ் மேரிங்கும் வேலை பார்த்த ஏடு. கிழக்கு ஜெர்மனியில் அது கட்சியின் மாவட்டக் குரலாகிவிட்டது. 1989 அக்டோபர் 6 அன்று, ஆட்சிக்கு எதிராக ஊரில் நடக்கும் போராட்டங்களைத் தேவைப்பட்டால் கையில் ஆயுதத்தோடு அடக்குவோம் என்ற பொருளில் ஒரு தொழிலாளர் படைத் தளபதியின் கடிதத்தை அது வெளியிட்டது. மூன்று நாள் கழித்து, அக்டோபர் 9 திங்கட்கிழமை, சுமார் 70,000 பேர் அதே ஊரின் தெருவில் இறங்கினார்கள். ஆயுதம் வரவில்லை.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. 1990 ஜூலை 1-இல் மேற்கு ஜெர்மனியின் மார்க் நாணயம் வந்தது. கடைகள் கிழக்கு நூல்களை அலமாரியிலிருந்து அகற்றி மேற்கு நூல்களுக்கு இடம் கொடுத்தன. விற்காத சரக்கு குவிந்தது. அச்சு மை காயாத புத்தகங்களைக்கூடக் குப்பைமேட்டில் கொட்டினார்கள். மேற்கே காட்லென்பர்க் என்ற சிற்றூரின் பாதிரியார் மார்ட்டின் வெஸ்காட் 1991-இல் அந்தக் குப்பைமேட்டின் படத்தைப் பத்திரிகையில் பார்த்தார். வண்டி எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து அவரும் ஊர்க்காரர்களும் லட்சக்கணக்கான புத்தகங்களை அள்ளி வந்து, ஞாயிறு வழிபாடு முடிந்ததும் நன்கொடைக்குக் கொடுத்தார்கள். இந்தக் கதையில் என்னை அதிகம் தொட்ட மனிதர் அவர்தான்.

ஆனால் பதிப்பகங்கள் விழுந்ததற்குக் காரணம் வாசகர் ருசி மாறியது மட்டுமல்ல. உரிமத்தைப் பாருங்கள். லைப்சிக்கில் ஒரு பதிப்பகம் வெளிநாட்டு நாவல் ஒன்றைப் போட வேண்டுமென்றால், அதன் ஜெர்மன் உரிமை வைத்திருக்கும் மேற்குப் பதிப்பகத்திடமிருந்து பல நேரம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அனுமதி, கிழக்கு ஜெர்மனி எல்லைக்குள் விற்க மட்டும். இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றிணைந்த 1990 அக்டோபர் 3 அன்று அந்த எல்லையே இல்லாமல் போயிற்று. உரிமம் எழுதிய காகிதம் இருந்தது, அது செல்லுபடியாகும் நிலம் இல்லை. 30 ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த நூல்பட்டியலின் பெரும்பகுதி ஒரே நாளில் வெறும் பட்டியலானது. அதோடு, எல்லைக் காலத்தில் ஒப்பந்தத்தைவிட அதிகப் பிரதிகளைச் சத்தமில்லாமல் அச்சிட்டிருந்த சில கிழக்குப் பதிப்பகங்களுக்கு அந்தக் கடனும் வந்து சேர்ந்தது. அது தவறுதான்.

இரட்டைப் பிறவிகளுக்கு இன்னொரு சிக்கல். பெயர் மேற்கில் இருந்தது. 1945-இல் லாரியில் போன அதே பெயர். தனியார்மயத்தை நடத்திய டிராய்ஹாண்ட் நிறுவனத்தின் மேசையில், லைப்சிக் நிறுவனம் பெரும்பாலும் மேற்கு நிறுவனத்தின் இன்னொரு பிரதியாகத்தான் தெரிந்தது. ஒரே வேலைக்கு இரண்டு அலுவலகம் எதற்கு என்ற கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்தான் வந்தது: மூட வேண்டியது லைப்சிக் அலுவலகம். ரெக்லாம் லைப்சிக் கொஞ்சம் அதிக நாள் தாங்கி, 2006-இல் மூடியது. கிழக்கு ஜெர்மனிப் பதிப்பகங்களின் கதியை ஒவ்வொன்றாகத் தேடிப் பதிவு செய்த பெர்லின் பதிப்பாளர் கிறிஸ்டோஃப் லிங்க்ஸ், 78-இல் தனித்து நிற்பவை ஒரு டஜன் அளவுதான் என்று கண்டார்.

டிராய்ஹாண்டை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகர முடியாது. இயந்திரங்கள் பழையவை, விலை அரசு தாங்கிய விலை, விற்பனைப் பிரிவு என்ற ஒன்றே பல இடங்களில் இல்லை. ஆனால் மூன்று நான்கு ஆண்டு அவகாசம் கொடுத்திருந்தால் இன்னும் சில நின்றிருக்கும். எனக்கு அதில் சந்தேகமில்லை.

நாளேடுகள் சாகவில்லை, கை மாறின. 1991-இல் ஃபோக்ஸைட்டுங்கை ஸ்ப்ரிங்கர், ஹனோவரின் மாட்ஸாக் என்ற இரண்டு மேற்கு ஜெர்மனிப் பத்திரிகை நிறுவனங்கள் பாதிப் பாதியாக வாங்கின. 2009-இல் ஸ்ப்ரிங்கர் தன் பங்கை மாட்ஸாக்குக்கு விற்றது. 2024-இல் டிரெஸ்டனின் பெரிய நாளேடும் மாட்ஸாக்கிடம் போனது. கெம்னிட்ஸ் ஏடு லுட்விக்ஸ்ஹாஃபன் நிறுவனத்தின் கையில். சாக்சனியின் மூன்று பெரிய நாளேடுகளுக்கும் முதலாளி சாக்சனிக்கு வெளியே. 1990-இல் மக்கள் இயக்கத்துக்காரர்கள் தொடங்கிய சிறு பத்திரிகைகள், கட்சி ஏட்டின் பழைய சந்தாதாரர் பட்டியலையும் விநியோக வலையையும் அப்படியே வாங்கிய பெரிய நிறுவனங்களோடு போட்டி போட முடியாமல் சில மாதங்களில் நின்றன. எல்லையில்லாப் பத்திரிகைச் சுதந்திரம் கிடைத்த அதே நேரத்தில் பல ஊர்களில் ஊருக்கு ஒரே நாளேடு என்ற நிலை வந்தது.

லாரியில் ஏறாதவை

எது மிஞ்சியது? சந்தை மிஞ்சியது. பிராங்க்பர்ட் உரிமை விற்கும் இடம், லைப்சிக் வாசகர் வரும் இடம் என்று பங்கு பிரிந்தது. 1990-களில் தொடங்கிய 'லைப்சிக் படிக்கிறது' விழாவில் தேவாலயம், மதுக்கடை, நீதிமன்றம் என்று ஊர் முழுக்க எழுத்தாளர்கள் வாசிப்பார்கள். கொரோனாவால் மூன்று ஆண்டு கண்காட்சி நடக்கவில்லை. 2022-இல் பெரிய பதிப்பகக் குழுமங்கள் பின்வாங்கியதால் அது ரத்தானபோது, சிறு பதிப்பாளர்கள் சேர்ந்து ஊரில் ஒரு மாற்றுக் கண்காட்சி நடத்திக் காட்டினார்கள். 2024-இல் 2,83,000 பேர் வந்தார்கள்.

கல்லூரியும் மிஞ்சியது. 1764-இன் கலைக்கல்லூரி இன்றும் புத்தக வடிவமைப்பு சொல்லிக்கொடுக்கிறது. அங்கிருந்து வந்தவர்கள்தான் ஸ்பெக்டர் புக்ஸ் போன்ற புதிய பதிப்பகங்களை நடத்துகிறார்கள். மூன்று மாநிலங்களுக்குப் பொதுவான எம்டிஆர் ஒலி, ஒளிபரப்பு நிறுவனம் 1992 முதல் லைப்சிக்கிலிருந்து இயங்குகிறது. பழைய இறைச்சிக்கூட வளாகத்தில் இருக்கும் அதைச் சுற்றித்தான் இன்றைய ஊடக வேலைகள் அதிகம். அது புத்தகத் தொழிலின் வாரிசு அல்ல, வேறு தொழில். ஊர்க்காரர்களுக்குச் சம்பளம் தருகிறது, சரி. ஒரு பைண்டரின் கைக்கு அங்கே வேலை இல்லை.

டால் தெரு 10-ஆம் எண்ணுக்கு 2014-இல் பீட்டர்ஸ் பதிப்பகம் பிராங்க்பர்ட்டிலிருந்து திரும்பி வந்தது.

அப்புறம் 1912-இல் நிறுவிய அந்த நூலகம். இரண்டாகப் பிரிந்தவை 1990-இல் சட்டப்படி ஒன்றாகின. இப்போது பெயர் ஜெர்மன் தேசிய நூலகம். ஆனால் இடம் இரண்டுதான், லைப்சிக்கும் பிராங்க்பர்ட்டும். ஜெர்மனியில் ஒரு புத்தகம் போட்டால் இரண்டு பிரதி அனுப்ப வேண்டும். பெர்லின், சாக்சனி, மற்ற கிழக்கு மாநிலங்களின் பதிப்பகங்களும், மேற்கே வட ரைன்-வெஸ்ட்பாலியாவும் லைப்சிக்குக்கு அனுப்புகின்றன. பவேரியா, ஹாம்பர்க் போன்றவை பிராங்க்பர்ட்டுக்கு. வந்த இரண்டில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை அடுத்த ஊருக்கு அனுப்புகிறார்கள். லைப்சிக்கில் ஒவ்வொரு வேலை நாளும் யாரோ ஒருவர் பண்டலைப் பிரித்து, ஒரு பிரதியை அலமாரிக்கும் ஒரு பிரதியை பிராங்க்பர்ட் போகும் பெட்டிக்கும் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறார்.